அப்பா வந்த பிறகுதான் வகுப்பு

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, 2020 ஜூலையில் தொடங்கி ஒன்றரை வருஷத்துக்கு எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு நேரத்துக்கு நடந்ததில்லை. அக்கா வடசென்னையில் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஒன்பதரை தாண்டியதும் அவள் போன் அடிக்கத் தொடங்கும். கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் போட்ட பெருக்கல் கணக்கு ஒன்று, டியூப்லைட் நிழலோடும் ஓரத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரலோடும் வந்து விழும். அடுத்தது தலைகீழாக வரும். அதற்கடுத்தது ஒரேயடியாக மங்கல். "போட்டோ தெளிவா இல்லப்பா, இன்னொண்ணு எடுத்து அனுப்பு" என்று வாய்ஸ் நோட் போடுவாள். பதில் மறுநாள் ராத்திரி வரும்: "மிஸ், நேத்து அப்பா தூங்கிட்டாரு. போன் லாக் ஆயிடுச்சு."

பகல் முழுக்க இந்தப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று அப்போது பலரும் கேட்டார்கள். பகலில் அவர்களிடம் போன் இல்லை. அது அப்பாவோடு வேலைக்குப் போயிருந்தது. உணவு டெலிவரி, லோடு ஆட்டோ, கொரியர், பெயின்டிங் கான்ட்ராக்ட் என்று எந்தப் பிழைப்பும் போன் இல்லாமல் ஓடாத காலம். அவர் எட்டு ஒன்பது மணிக்குத் திரும்பி, வாசலிலேயே கைகால் கழுவி, சாப்பிட்டு, போனைச் சார்ஜில் போட்டு, பதினைந்து சதவீதமாவது ஏறிய பிறகுதான் அது பள்ளிக்கூடமாக மாறும். வீட்டில் மூன்று பிள்ளைகள் என்றால் மூன்று பள்ளிக்கூடம். பத்தாவது படிக்கும் பெண்ணுக்கு முதல் முறை, கடைக்குட்டிக்குக் கடைசி. மூன்றாம் வகுப்புக் கணக்கு பத்தேகாலுக்கு வந்ததன் ரகசியம் இவ்வளவுதான்.

ஆன்லைன் வகுப்பு பற்றி அந்த நாட்களில் பேசியதெல்லாம் கருவியைப் பற்றித்தான். போன் உண்டா, லேப்டாப் உண்டா, சிக்னல் உண்டா? கருவிப் பஞ்சம் நிஜம்தான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சென்னையில் அதைவிடப் பெரிய பஞ்சம் நேரத்துக்கு இருந்தது. பள்ளிக்கூடம் சத்தமில்லாமல் செய்துவந்த பெரிய வேலை, நாற்பது வீட்டுப் பிள்ளைகளை ஒரே மணிக்கு ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்ததுதான். அந்த மணி நின்றதும் ஒவ்வொரு வீடும் தன் கடிகாரத்துக்குத் திரும்பிவிட்டது. நேரலை வகுப்போ எல்லாக் கடிகாரமும் ஒன்றாக ஓடும் என்று நம்பிக் கட்டப்பட்டது. ஆசிரியர்களும் பிள்ளைகளும் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை இந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு போனால் ஓரளவு விளங்கிக்கொள்ளலாம்.

எண்களிலும் இது மறைந்து நின்றது. கொரோனாவுக்கு முன் 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று, இந்திய நகரங்களில் 42 சதவீதக் குடும்பங்களுக்கும் கிராமங்களில் 15 சதவீதக் குடும்பங்களுக்கும் இணைய வசதி இருப்பதாகச் சொன்னது. ஊரடங்கு காலத்தில் எல்லாரும் மேற்கோள் காட்டிய எண்கள் இவை. அந்தக் கேள்வித்தாள் கேட்டது "வீட்டில் இருக்கிறதா" என்று. "காலை பத்து மணிக்கு, எட்டு வயதுப் பிள்ளையின் கையில் இருக்கிறதா" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் பதில் வேறாக இருந்திருக்கும்.

நாட்களைக் கொஞ்சம் வரிசைப்படுத்திக்கொள்வோம், பலருக்கு இப்போதே குழம்பிப்போயிருக்கிறது. 2020 மார்ச் மூன்றாம் வாரத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 24 அன்று பிளஸ் டூ கடைசித் தேர்வு. பஸ் ஓடுமா ஓடாதா என்ற பதற்றத்தில் சிலர் தேர்வு மையத்துக்கு வராமலே போனார்கள், அவர்களுக்காக ஜூலையில் மறுதேர்வு வைக்க வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு ஜூன் 1, ஜூன் 15 என்று தள்ளிப் போய் ஜூன் 9 அன்று ரத்தானது. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதாமலே தேர்ச்சி. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதம் என்று கணக்குப் போட்டார்கள். அரையாண்டுதானே என்று விளையாட்டாக எழுதியவன் பாவம், அதுவே பொதுத்தேர்வு என்று அவனுக்கு யார் சொன்னது?

அந்த ஜூன் மாதம் சென்னைக்கு மிக மோசமான மாதம். கோயம்பேடு சந்தையிலிருந்து பரவிய தொற்று அடங்குவதற்குள் ராயபுரம், தண்டையார்பேட்டை, திரு.வி.க. நகர் மண்டலங்களில் தெருத்தெருவாகத் தகரம் அடித்து அடைத்தார்கள். 19ஆம் தேதியிலிருந்து மாத இறுதிவரை நகரம் மறுபடியும் முழு அடைப்பு. அப்படிப்பட்ட நேரத்தில்தான் தனியார் பள்ளிகள் புதுக் கல்வியாண்டின் ஆன்லைன் வகுப்புகளைத் தொடங்கின.

எங்கள் எதிர் பிளாக்கில் ஒரு சிபிஎஸ்இ பள்ளிப் பையன் இருந்தான். எட்டரைக்குச் சீருடைச் சட்டை, கழுத்தில் டை, கீழே அரை டிரவுசர். கேமராவில் இடுப்புக்கு மேல்தானே தெரியும். அவனுக்குத் தனி அறை, தனி லேப்டாப், பிராட்பேண்ட். அவனும் நிம்மதியாக இருந்தான் என்று சொல்ல மாட்டேன். நாளுக்கு ஐந்து மணி நேரம் திரை பார்த்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு பால்கனியில் வந்து நிற்பான். சிறுவர்களுக்கு இது அதிகம் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு போனது. 2020 ஜூலை 14 அன்று மத்திய அரசு 'பிரக்யதா' என்ற பெயரில் நெறிமுறை வெளியிட்டது. மழலையர் வகுப்புக்கு நாளுக்கு 30 நிமிடத்துக்கு மேல் கூடாது, எட்டாம் வகுப்பு வரை 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு வகுப்புகள், மேல் வகுப்புகளுக்கு நான்கு. தமிழக அரசும் ஏறக்குறைய அதே வழியில் தன் நெறிமுறையைக் கொண்டுவந்தது. பல பள்ளிகள் அதைத் தாண்டி நடத்தின என்பது பெற்றோருக்குத் தெரியும். கட்டணம் கேட்க வேண்டுமானால் வகுப்பு நடப்பதைக் காட்ட வேண்டும் அல்லவா? கட்டணத்தில் 40 சதவீதம் முதலிலும் 35 சதவீதம் பள்ளி திறந்த பிறகும் வாங்கிக்கொள்ளலாம் என்று அந்த ஜூலையில்தான் உயர் நீதிமன்றம் அனுமதித்திருந்தது.

நேரலை வகுப்பு ஏன் ஒரு சாதாரண வீட்டில் தாக்குப்பிடிக்கவில்லை என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. அப்போது ஜியோவில் 199 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் 28 நாளுக்கு, நாளொன்றுக்கு 1.5 ஜிபி. பலர் ஒன்றாகச் சேரும் வீடியோ வகுப்பு ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஜிபிக்குப் பக்கத்தில் தின்றுவிடும். இரண்டாவது பாடவேளை பாதியில் நிற்கும்போது நெட் தீர்ந்துவிடும், அதன் பிறகு வேகம் 64 கேபிபிஎஸ். அதில் ஆசிரியரின் முகம் கட்டம் கட்டமாக உறைந்து நிற்கும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். "கேமராவை ஆஃப் பண்ணுங்க" என்று ஆசிரியர்கள் சொன்னதற்கு ஒழுக்கம் காரணமில்லை, இதுதான் காரணம். தினசரி டேட்டா நள்ளிரவில் புதுப்பிக்கப்படும் என்பதைப் பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். பன்னிரண்டு மணி வரை விழித்திருந்து, புது ஒன்றரை ஜிபி வந்ததும் யூடியூபில் பாடம் பார்த்துவிட்டுத் தூங்கியவர்கள் உண்டு. பாடம் பார்த்தார்களா ஃப்ரீ ஃபயர் விளையாடினார்களா என்று என்னைக் கேட்காதீர்கள், இரண்டும் நடந்தது.

கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் அரசு இதில் கை கொடுத்தது. 2021 ஜனவரியில், 9.69 லட்சம் மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி டேட்டா தரும் சிம் கார்டு வழங்குவதாக அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். பள்ளிப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரவில்லை. அவர்கள் வீடுகளில் ரீசார்ஜ் என்பது மளிகைச் சாமான் பட்டியலில் ஏறிவிட்ட புது வரி. பழைய போன் ஒன்று வாங்கலாமென்று ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் பர்மா பஜாருக்கும் போனவர்களிடம் கடைக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "ஆன்லைன் கிளாஸுக்கா?" ஆமாம் என்றால் பேரம் படியாது.

அரசுப் பள்ளிகளுக்கு அரசு தேர்ந்தெடுத்த வழி தொலைக்காட்சி. யோசித்துப் பார்த்தால் நியாயமான தேர்வுதான். 2006இல் தொடங்கிய இலவசக் கலர் டிவி திட்டத்தின் புண்ணியத்தில் டிவி இல்லாத குடிசை தமிழ்நாட்டில் அபூர்வம். கல்வித் தொலைக்காட்சியும் கொரோனாவுக்கு முன்பே, 2019 ஆகஸ்ட் 26 அன்று, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தொடங்கிவைக்கப்பட்டு இயங்கிக்கொண்டிருந்தது. ஊரடங்கில் வகுப்புவாரியாக அட்டவணை போட்டுப் பாடங்களை ஒளிபரப்பினார்கள். வேறு சில தனியார் சேனல்களும் நேரம் ஒதுக்கின. பிளஸ் டூ மாணவர்களுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பில் பாட வீடியோக்களைப் பள்ளியிலேயே ஏற்றிக் கொடுத்தார்கள். மூடியில் முதல்வர் படத்தோடு இருந்த அந்த லேப்டாப், அண்ணன் வாங்கி வைத்திருந்து தம்பிக்கு உதவிய வீடுகள் எனக்கே தெரியும்.

ஆனால் டிவியும் கடிகாரத்தை நம்பித்தான் ஓடுகிறது. ஆறாம் வகுப்பு அறிவியல் பதினொன்றரைக்கு என்றால் பதினொன்றரைக்கு. அந்நேரம் கரண்ட் போனாலோ, பாட்டி சீரியலின் மறுஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாலோ, பாடம் போனது போனதுதான். டிவியிடம் கை தூக்கிச் சந்தேகம் கேட்கவும் முடியாது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில், டிவியில் வகுப்பு ஓடும்போது மற்ற ஐந்து பேர் எங்கே போவார்கள்? தெருவுக்குப் போகக்கூடாது, அங்கே தகரம்.

எனவே வாட்ஸப். யாரும் உத்தரவு போட்டு வரவில்லை, தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. அது ஜெயித்த காரணம் அதில் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான். மிஸ் காலை பத்துக்குப் போடும் பாடத்தைப் பிள்ளை ராத்திரி பத்துக்குத் திறக்கலாம். ஐந்து நிமிட வாய்ஸ் நோட் ஒரு எம்பி அளவில்தான் இருக்கும். தீர்ந்துபோன டேட்டாவின் மிச்ச வேகத்தில்கூட நகர்ந்து நகர்ந்து வந்து சேர்ந்துவிடும். ஜூம், கூகுள் மீட் என்று பெரிய பெயர்கள் பேசப்பட்டாலும், நகரத்தின் பாதிப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு என்றால் இரண்டு நீல டிக்தான்.

அக்காவின் வகுப்பில் 38 பேர். வருகைப் பதிவேட்டில் எழுதியிருந்த நம்பர்களுக்குப் போன் போட்டாள். பல நம்பர்கள் உபயோகத்தில் இல்லை. சில, பட்டன் போன். ஒரு நம்பரில் எடுத்தவர், "அவங்க வீடு காலி பண்ணிட்டு ஊருக்குப் போய்ட்டாங்க மேடம், நான் ஹவுஸ் ஓனர்" என்றார். குரூப்பில் கடைசியில் சேர்ந்தது 27 நம்பர். மீதிப் பேரை அவள் பிடித்தது அரிசி கொடுக்கும் நாளில். பள்ளி மூடியதும் மதிய உணவும் நின்றுபோனதால், அதற்கு ஈடாக அரிசியும் பருப்பும் பெற்றோரிடம் கொடுத்தார்கள், பின்னர் முட்டையும் சேர்ந்தது. 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மதியச் சாப்பாடு போட ஆரம்பித்த ஊர் இது. சாப்பாடு பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுக்கும் என்று நூறு வருஷமாகத் தெரியும். அந்த வருஷம் அது அம்மாக்களை இழுத்தது. கேட்டுக்கு வெளியே சுண்ணாம்பு வட்டத்தில் நின்ற அம்மாக்களிடம் அக்கா கையால் எழுதி ஜெராக்ஸ் போட்ட பயிற்சித் தாள்களைக் கொடுத்தாள். போன மாதத் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். பட்டன் போன் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாதம் ஒருமுறைதான் பள்ளிக்கூடம்.

ஆசிரியர்கள் வீட்டுக்குள் நடந்த கைவேலைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கரும்பலகை இல்லாமல் கணக்கு எப்படி நடத்துவது? அக்கா முதலில் அலமாரிக் கதவில் சாக்பீஸால் எழுதிப் பார்த்தாள், அம்மா சத்தம் போட்டாள். பிறகு கண்டுபிடித்தது ஹாலில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூல். அதன் நடுவில் ஓர் ஓட்டை இருக்கும், ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும்போது ஒட்டிக்கொள்ளாமலிருக்க. ஸ்டூல்மேல் போனைப் படுக்கவைத்து, கேமரா அந்த ஓட்டை வழியாகக் கீழே பார்க்கும்படி நகர்த்தினால், ஸ்டூலின் கால்களுக்கு நடுவே தரையில் விரித்த நோட்டு அப்படியே திரையில் தெரியும். ஸ்டூலின் நிழலில் எழுத்து இருட்டடித்ததால் பக்கத்தில் என் படிப்பு விளக்கு போய்ச் சேர்ந்தது. அவள் தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, கையை ஸ்டூலுக்குள் நுழைத்து, "பத்தைக் கடன் வாங்கறோம்" என்று கழித்தல் போடுவாள். ஃபேன் சத்தம் பதிவாகும் என்று ஃபேனையும் நிறுத்திவிடுவாள். மே மாதச் சென்னையில் ஃபேன் இல்லாமல் ஏழு நிமிட வீடியோ எடுப்பதன் பாடு எடுத்தவர்களுக்குத்தான் தெரியும். பாதியில் குக்கர் விசிலடித்தால் முதலிலிருந்து.

மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் பலருக்கு இந்த வேலையோடு கொரோனா பணியும் சேர்ந்தது. பள்ளிக் கட்டடங்கள் சில வீடற்றவர்களுக்கான தங்குமிடமாகவும் காய்ச்சல் முகாமாகவும் மாறின. தனியார் பள்ளி ஆசிரியர்கள் நிலை இன்னும் கீழே. பாதிச் சம்பளம், சில இடங்களில் சம்பளமே இல்லை. ஆனால் வேலை மட்டும் இரட்டிப்பு. காலையில் நேரலை, மதியம் பிடிஎஃப் திருத்தல், இரவு பெற்றோர் குரூப்பில் விளக்கம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன் பேசிப் பழகியவர்களுக்கு அம்மா, அப்பா, தாத்தா எல்லாரும் பின்னால் உட்கார்ந்து கேட்கும் வகுப்பு ஒரு தினசரி இன்ஸ்பெக்ஷன். ஓர் ஆங்கில ஆசிரியை சொன்னார்: "இலக்கணத் தப்பைப் பிள்ளைங்க கண்டுபிடிக்க மாட்டாங்க சார். ஐடி கம்பெனி அப்பாங்க கண்டுபிடிச்சு ஸ்க்ரீன்ஷாட் போடறாங்க."

திரை வேறொரு கதவையும் திறந்துவிட்டிருந்தது. 2021 மே மாதம், சென்னைப் பள்ளி ஒன்றின் மாணவிகளும் முன்னாள் மாணவிகளும் ஆசிரியர் ஒருவரின் நடத்தையைப் பற்றி, ஆன்லைன் வகுப்பில் நடந்தது உட்பட, வெளிப்படையாகப் பேசினார்கள். அடுத்தடுத்து வேறு பள்ளிகளிலிருந்தும் புகார்கள். அந்த மாதமே அரசு, ஆன்லைன் வகுப்புகள் முழுவதும் பதிவு செய்யப்பட வேண்டும், பள்ளி நிர்வாகமும் பெற்றோரும் இருக்கும் குழு அவற்றை அவ்வப்போது பார்க்க வேண்டும், வகுப்பில் பள்ளிக்கு உரிய உடையில்தான் வர வேண்டும் என்று விதி வகுக்க முடிவெடுத்தது. ஆசிரியர் கையில் எல்லாப் பிள்ளைகளின் தனி நம்பரும் எந்நேரமும் இருந்த ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த விதி அது.

கல்லூரிகளின் கதையில் கொஞ்சம் வேடிக்கையும் உண்டு. 2020 ஆகஸ்ட் 26 அன்று, தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் அரியர் பாடங்களில் தேர்ச்சி என்று முதல்வர் அறிவித்ததும் அவரைப் புகழ்ந்து பேனர் வைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு அரியர் வைத்திருந்த அண்ணன்மார்கள் ஒரே நாளில் பட்டதாரிகளாகிவிட்ட சந்தோஷத்தில் மிதந்தார்கள். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனதும் அந்தச் சந்தோஷம் தொங்கலில் நின்றது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் தேர்வில் கணினியே கண்காணிப்பாளர். தலை அதிகம் திரும்பினாலும், பக்கத்தில் இன்னொரு முகம் தெரிந்தாலும் குறித்துக்கொள்ளும். ஒரே அறையில் குடும்பமே இருக்கும் வீட்டில் பக்கத்தில் முகம் தெரியாமல் எப்படி இருக்கும்? 2021 தொடக்கத்தில் நடந்த தேர்வில் ஏராளமானோரின் முடிவு நிறுத்திவைக்கப்பட்டது, ஏராளமானோர் தோற்றார்கள். மே மாதம் வந்த புது அரசு மறுதேர்வுக்கு வழிவிட்டது. பிளஸ் டூ தேர்வும் அதே வருஷம் ஜூனில் ரத்தாகி, பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று மதிப்பெண் சேர்த்தார்கள். ஜூலை 19 அன்று வந்த முடிவில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களும் பாஸ்.

பெரிய பிள்ளைகளுக்கு எப்படியோ ஒரு மார்க் கிடைத்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் போனதை எதில் அளப்பது?

பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் அசர் (ASER) ஆய்வின் 2022ஆம் வருஷ அறிக்கையைத்தான் எல்லாரும் காட்டுகிறார்கள், அது வெளிவந்தது 2023 ஜனவரியில். தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் 40.7 சதவீதம், 2022இல் 25.2. அது கிராமப்புறங்களில் மட்டும் நடக்கும் ஆய்வு, சென்னை அதில் கிடையாது. சென்னையில் நிலைமை மேலாக இருந்திருக்கும் என்று சொல்பவர்கள் பெரும்பாக்கத்து எட்டு மாடி அடுக்குகளிலும் கண்ணகி நகரிலும் ஒரு மாலை இருந்துவிட்டு வந்து சொல்லட்டும். நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்து வெகுதூரம் தள்ளிக் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள், வேலைக்குப் போக மட்டும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அப்பாவோடு போன போன் அங்கே இன்னும் தாமதமாகத்தான் திரும்பும்.

பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவரோடு சேர்ந்தவர்களும் தமிழக கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்து எழுதிய ஆய்வு இதைவிட நுட்பமானது. 2021 டிசம்பரில் பிள்ளைகள் பெரிய அளவில் பின்தங்கியிருந்தார்கள், மொழியைவிடக் கணக்கில் அதிகம். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அப்படித் திரும்பியதில் சுமார் கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் என்று அவர்கள் கணக்கிடுகிறார்கள். முதல்வர் மு.க. ஸ்டாலின் 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் தொடங்கிவைத்த திட்டம். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, மாலை ஐந்து முதல் ஏழுக்குள், வீட்டுப் பக்கத்திலேயே, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் ஒரு தன்னார்வலர். முதல் சுற்றில் 12 மாவட்டங்கள், அதில் சென்னை இல்லை.

என் கண்ணுக்கு இந்தத் திட்டத்தில் தொழில்நுட்பம் எதுவும் இல்லாததுதான் கவனிக்க வேண்டியது. திண்ணை, மொட்டை மாடி, கோயில் மண்டபம், அதே தெருவில் பி.ஏ. படித்துவிட்டு வீட்டிலிருக்கும் ஓர் அக்கா. முக்கியமாக ஒரு நேரம். ஐந்தரை என்றால் தெருவில் எல்லாருக்கும் ஐந்தரை. ஒன்றரை வருஷமாகத் தனித்தனியாக ஓடிய கடிகாரங்களைத் தெரு அளவிலாவது மறுபடி ஒன்றாக்கினார்கள்.

மேல் வகுப்புகளுக்கு 2021 செப்டம்பர் 1 அன்றும், ஒன்று முதல் எட்டு வரை நவம்பர் 1 அன்றும் பள்ளிகள் திறந்தன. 2020இல் ஒன்றாம் வகுப்புக்குச் சேர்ந்த குழந்தை பள்ளிக்கூடத்தின் உட்புறத்தை இரண்டாம் வகுப்பு மாணவனாகத்தான் முதன்முதலில் பார்த்தது. சென்னையில் அதிலும் ஒரு கொடுமை. நவம்பர் 1 திறப்பு, 4 தீபாவளி, 6ஆம் தேதி ராத்திரியிலிருந்து மழை. விடிந்து பார்த்தால் கொளத்தூரிலிருந்து தி.நகர் வரை முழங்கால் தண்ணீர். மறுபடி விடுமுறை. "ஸ்கூல் திறந்தாங்களா, சும்மா எட்டிப் பார்க்க விட்டாங்களா?" என்று ஓர் அம்மா குரூப்பில் கேட்டிருந்தார்.

தண்ணீர் வடிந்து வகுப்பு ஒருவழியாக நிலைத்த பிறகு அக்காவின் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது நான்காம் வகுப்பு, அக்காவே அவர்களுக்கு மறுபடியும் மிஸ். அதில் ஒரு பையன் குரூப்பில் அவளுடைய பெருமை. ராத்திரி பத்து மணிக்கு அவன் அனுப்பும் வாய்ஸ் நோட்டில் தமிழ்ப் பாடம் தங்குதடையில்லாமல் ஓடும். எனக்கே போட்டுக் காட்டியிருக்கிறாள். நேரில் பார்த்ததும் முதல் வேலையாக அவனை எழுப்பி, "வாசிப்பா" என்று புத்தகத்தை நீட்டினாள். பையன் பக்கத்தைப் பார்த்தான். முதல் வரியில் விரலை வைத்தான். 'க'வும் 'ம'வும் தனித்தனியாக வந்தன, சொல்லாகச் சேரவில்லை. வேறு பக்கம் திருப்பிக் கொடுத்தாள், அங்கேயும் அப்படித்தான். வீட்டில் ஏழாவது படிக்கும் அக்காக்காரி ஒரு வரி சொல்லச் சொல்ல, இவன் காதால் வாங்கித் திருப்பிச் சொல்லி, தப்பு வந்தால் அழித்துவிட்டு மறுபடி பதிந்து, நன்றாக வந்ததை மட்டும் அனுப்பியிருக்கிறான். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. ஹோம்வொர்க் என்றால் அப்படித்தான் செய்வது என்று நினைத்திருக்கிறான்.

வகுப்பு முழுக்க அமைதி. அவன் புத்தகத்தை மூடாமல், அக்காவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டானாம்: "மிஸ், நைட்டு அப்பா வந்தவுடனே வாய்ஸ்ல அனுப்பட்டுமா?"